ஜோடி சேராத புரதம்

பகல் 2.10. ஆய்வகத்தில் ஒரு முடிவு களவு போயிருந்தது.

ஏழு மாதக் குழந்தை. எந்தக் கிருமி நுழைந்தாலும் எதிர்க்க உடம்பில் ஆளில்லை. எதிர்ப்பணுக்களை வளர்க்கும் மரபணுக்களை முடுக்கிவிட இரண்டு புரதங்கள் கைகோக்க வேண்டும். பரம்பரைப் பிழையால் அதில் ஒன்றுக்குப் பிடிமானமே இல்லை என்று நேற்று இளைய ஆய்வாளர் ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள். இன்று இரண்டாம் சோதனையில் இரண்டும் ஜம்மென்று கைகோத்து நின்றன! இரண்டு முறையும் ஒரே முடிவு வந்தால்தான் குழந்தைக்கு அதன் அக்காவின் எலும்பு மஜ்ஜை.

குழந்தையின் டாக்டர், நர்ஸ், இளையவள், மூத்த ஆய்வாளர் மூன்று பேரையும் உட்கார வைத்தார். டாக்டரம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"எவ்வளவு ரத்தம் எடுத்தே?"

"ரெண்டு மில்லி, டாக்டர்" என்றாள் நர்ஸ். "பச்சப்புள்ள, அதுக்கு மேல எப்படி எடுக்கிறது? ஏழு மணிக்கு நானே ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்."

இளையவள் மூக்கை உறிஞ்சினாள். "எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தேன். பதட்டத்துல எதையும் கவனிக்கலை. நேரே சோதனைக்கு ஊத்திட்டேன்."

"நீங்க, சார்?"

மூத்த ஆய்வாளர் சிரித்தார். "நான் ஃப்ரிட்ஜ் பக்கமே போகலை. நேத்து எதையோ பார்த்துட்டு இவ குதிச்சிருக்கா. ரத்தம் பத்தலைன்னும் சொல்ல முடியாது, முழுசா அஞ்சு மில்லி இருந்துதே!"

2.35. டாக்டர் எழுந்தார்.

"கைக்குழந்தை கிட்ட ஒரே குத்துல அஞ்சு மில்லி யாரும் எடுக்க மாட்டாங்க. வார்டுல கால் வெக்காதவருக்கு மட்டும்தான் அது தெரியாது. ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதவருக்கு அளவு எப்படித் தெரிஞ்சுது? சட்டைக் கையை மடிங்க, சார்."

முழங்கை மடிப்பில் புதுப் பஞ்சு, மேலே பிளாஸ்திரி.

"பதினோரு வருஷம் அந்தப் புரதத்தோட குடும்பம் நடத்தினேன், டாக்டர்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "நேத்து வந்தவ எட்டே மாசத்துல பேரைத் தூக்கிட்டுப் போறா. வயிறு எரிஞ்சுது. என் ரத்தத்தை வெச்சுட்டேன்."

"குழந்தையோடது?"

"கொட்ட மனசு வரலை. ஃப்ரிட்ஜ்ல என் டப்பாவுல இருக்கு."

இளையவள் அதற்குள் ஓடியிருந்தாள்.

மறுநாள் பகல் 12.20. புரதங்கள் சேரவில்லை. டாக்டர் போனை எடுத்தார். "வார்டா? அக்காக்காரியைத் தயார் பண்ணுங்க."

வாசலில் காவலாளியோடு நின்ற மூத்தவர் திரும்பினார்.

"ஆராய்ச்சிக் கட்டுரையில அவ பேரையா முதல்ல போடப் போறீங்க?"