தண்டச் சுற்று

உப்பளக் காயலில் சிவப்புக் கொடியை யாரும் அவிழ்ப்பதில்லை. அங்குள்ள பாய்ப்படகுக் கழகத்தின் விதிப்புத்தகத்தில் இப்படியொரு விதி கிடையாது. சொல்லப்போனால், பந்தயத்தில் தவறிழைக்கப்பட்ட எந்தப் படகும் கரைசேர்வதற்குள் சிவப்புக் கொடியை உயர்த்தி முறையிடலாம் என்றுதான் அதில் அச்சாகியிருக்கிறது. கொடியும் ஒவ்வொரு படகின் பின்கம்பியிலும் சுருட்டிக் கட்டப்பட்டே இருக்கிறது. ஆனாலும் புதிதாகச் சேருகிறவர், பாய் கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடுவார். மற்றவர்களின் கண்கள் அந்தச் சுருளின் மேல் ஒருபோதும் தங்குவதில்லை என்பதைக் கவனித்தாலே போதும்.

காரணம் சான்றி. பாய்மரத்தின் அடியில் பதித்திருக்கும் உள்ளங்கையளவுக் கறுப்புக் கட்டி அது. படகு சென்ற தடம், பட்ட உரசல், ஏறியிருப்பவர் பேசிய பேச்சு எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். தூத்துக்குடியின் சாலைகளிலும் மின்தூக்கிகளிலும் அலுவலக மேசைகளிலும் இருப்பவை இதன் உடன்பிறப்புகள்தாம். கடல் ஏறி உப்பளங்களை விழுங்கிக் காயலாக்கிய அதே ஆண்டுகளில் சான்றிச் சட்டமும் வந்தது. காவலரோ நீதிபதியோ தாமாக ஒரு சான்றியைத் திறக்க முடியாது. தவறிழைக்கப்பட்டவர் மட்டுமே திறக்கலாம், அதுவும் அந்த இடத்தைவிட்டு அகல்வதற்குள். திறந்துவிட்டாலோ, அது கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் தொட்டு அங்கு புழங்கிய அத்தனை பேரின் அத்தனை பிழைகளையும், கடைசிப் பிழையிலிருந்து பின்னோக்கி, ஊரறிய வாசித்துவிடும். முறையிட்டவருக்கும் விலக்கில்லை. பொய் வழக்குகளைத் தடுக்கவே இந்தக் கடைசி ஏற்பாடு என்றார்கள். பொய் வழக்கு நின்றது. கூடவே மெய் வழக்கும் நின்றது. நீதிமன்றத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிட்டு, ஊர் எல்லையில் ‘குற்றமற்ற மாவட்டம்’ என்று பலகை வைத்தார்கள்.

காயலில் ஒரு படகு சிவப்புக் கொடியை ஏற்றினால் எல்லாப் படகின் சான்றியும் திறந்துகொள்ளும். பதித்த நாள் முதல் அவை திறக்கப்பட்டதே இல்லை.

டெல்பினா மிராண்டா அந்தப் பலகையைக் கடந்து வந்துதான் ஞாயிறுதோறும் படகை இறக்குவாள். சுக்கான் அவள் கையில்; முன்பாயின் கயிறு ரெஜினாவின் கையில். ரெஜினா அவளுடைய மதினி, இறந்துபோன அண்ணன் கஸ்பாரின் மனைவி. அந்த ஞாயிறும் மேற்கிலிருந்து கச்சான் காற்று உரத்து வீச, பன்னிரண்டு படகுகள் மிதவையை நோக்கிச் சாய்ந்தோடின. திருப்பத்தில் ஒரு மஞ்சள் படகின் மூக்கு டெல்பினாவின் படகை லேசாகத் தொட்டது. அவள் தலையைத் திருப்பக்கூட இல்லை. அதற்குள் மஞ்சள் படகு அவசர அவசரமாக விலகி, தண்ணீரில் இரண்டு வட்டம் அடித்தது. அதற்குத் தண்டச் சுற்று என்று பெயர். தவறு செய்த படகு தானாக இரண்டு முறை சுற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அதன்மேல் முறையீடு செல்லாது.

“பனிமய மாதா திருநாள் ராட்டினங்கூட இந்தச் சுத்து சுத்தாதுட்டி,” என்றாள் ரெஜினா. “நீ தும்முனாலும் ரெண்டு பேரு சுத்துவானுவ போலிருக்கு.”

அவர்கள் இருவரும் படகோட்டப் பழகியதே, ஒருவன் தங்களுக்குத் தவறிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்த ஒருவன் பெர்க்மான்ஸ் கொரைரா, கழகத்தின் தலைவர். கஸ்பார் இறந்த பந்தயத்தில் இருவரும் பின்காற்றில் ஓடி ஒரே நேரத்தில் மிதவைக்கு வந்தார்கள். உட்புறம் வந்த கஸ்பாருக்கு இடம்விட வேண்டியவர் பெர்க்மான்ஸ். அவர் விடவில்லை. நெருக்கப்பட்ட கஸ்பார் சுக்கானை ஒடித்துத் திருப்ப, பாயின் அடிக்கட்டை குறுக்கே பறந்து அவன் நெற்றியில் அடித்தது. தனியாள் படகு அது. அவன் தண்ணீரில் விழுந்ததைக் கரையில் நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள். பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போனதையும் பார்த்தார்கள். ஆபத்திலிருப்பவருக்கு உதவுவதே விதிப்புத்தகத்தின் முதல் விதி. ஒருவர்கூடப் பாயை இறக்கவில்லை. கொடியை உயர்த்தும் உரிமை உள்ளவனோ தண்ணீருக்கடியில் இருந்தான். ‘தன் கவனக்குறைவால் மரணம்’ என்று கழகம் எழுதி வைத்தது. பிறகு, மனம் இளகியதுபோல், பருவத்தின் பெரிய பந்தயத்துக்குக் கஸ்பார் நினைவுக் கோப்பை என்று பெயர் சூட்டியது. அதை ஆண்டுதோறும் வெல்கிறவர் பெர்க்மான்ஸ்.

காயலின் சான்றிகள் ஒருமுறை, ஒரே ஒருமுறை திறந்தால் போதும். அந்த நாளும் சேர்ந்து வெளியே வரும். ஆனால் இரண்டு பெண்களும் படகோடு வந்து இறங்கிய அன்றே கழகத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. மறைக்க ஏதுமில்லாத ஒரு படகு இப்போது தண்ணீரில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர்களைச் சுற்றி உலகத்திலேயே ஒழுக்கமான படகோட்டம் நடந்தது. வழிவிட வேண்டாத இடத்திலும் வழிவிட்டார்கள். மாதக் கோப்பைகளைக் கையில் திணித்தார்கள்.

அந்த ஞாயிறன்றும் ஒரு கோப்பையை நீட்டியபடியே பெர்க்மான்ஸ் தணிந்த குரலில் கேட்டார்: “உனக்கு என்னதான் வேணும் தாயி? வாயத் திறந்து சொல்லேன்.”

“வழி விடாதீங்க அண்ணாச்சி. மத்தவங்ககிட்ட ஓட்டுத மாதிரி எங்ககிட்டயும் ஓட்டுங்க.”

“அது மட்டும் நம்மால ஆகாது.” அவர் சிரித்தார். “உங்க அண்ணன் பெயரக் காப்பாத்தணும்லா? மரியாதையாத்தான் ஓட்டுவேன்.”

கோப்பையைப் படகுக் கொட்டகையின் மூலையில் எறிந்துவிட்டு ரெஜினா ஈரக் கயிற்றைப் பிழிந்தாள். “நல்லவனா இருந்தே நம்மளக் கொல்லுதான்ட்டி. நாம இன்னும் எத்தன வருசம் இவன் தப்பு செய்வான்னு காத்துக்கிடக்க?”

“காத்துக்கிடக்க வேண்டாம் மதினி. தப்ப நாம செய்வோம்.”

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

“நாம செஞ்சிட்டுச் சுத்தாமப் போவோம்,” என்றாள் டெல்பினா. “அவன் தாங்க மாட்டாம அவனே கொடியத் தூக்கட்டும். அவனுக்கு இருக்கிற கோவத்துக்கு எத்தன தடவ பொறுப்பான்?”

“தூக்குனா மொதல்ல நம்ம பெயர்லா வரும்.”

“வரட்டும். வரிசையில அவன் பெயரும் வருதுல்லா.”

சொன்னபோது அவளுக்கு அது எளிய கணக்காகத் தெரிந்தது. நியாயத்தைக் கூப்பிடும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உண்டென்றால், எதிரியைப் பாதிக்கப்பட்டவனாக்கிவிட வேண்டியதுதான்.

நினைவுக் கோப்பை நாளில் காற்று கடுமையாக இருந்தது. கரையில் கூட்டம். எச்சரிக்கைக் கொடி ஏறியது, ஆயத்தக் கொடி ஏறியது, சங்கு ஊதியது. பெர்க்மான்ஸின் வெள்ளைப் படகில் முன்பாயைப் பிடித்திருந்தவன் ஜூடு, அவருடைய மருமகன். மகளை மணந்து இந்தப் பருவத்தில்தான் கழகத்துக்கு வந்தவன். எல்லாப் படகுக்கும் கையசைத்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கம் வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்பது காயலின் அரிச்சுவடி. டெல்பினா இடப்பக்கக் காற்றோடு நேரே வந்து வெள்ளைப் படகின் மூக்கை வெட்டிக்கொண்டு போனாள். ஜூடு வாயைப் பிளந்தான். பெர்க்மான்ஸ் புன்னகை மாறாமல் ஒதுங்கினார்.

“போ தாயி, போ. உனக்கு அவசரம்.”

இரண்டாம் முறை அவள் அவர் படகின் பின்பக்கத்தில் மோதினாள். பலகை கீச்சிட்ட ஓசை கரைவரை கேட்டது. அவள் சுற்றவில்லை. அப்போது பெர்க்மான்ஸ் செய்ததைக் கண்டு ரெஜினாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோதப்பட்டவர் அவர், ஆனாலும் தம் படகைத் திருப்பி, அவளுடைய பிழைக்கு அவரே இரண்டு தண்டச் சுற்றும் சுற்றினார்.

“மாமா, இடிச்சது அவங்க,” என்று ஜூடு கத்தியது காற்றில் வந்தது.

“காத்து அப்படி மக்கா. நம்ம மேலயும் தப்பு இருக்கும்.”

கோபக்காரன் என்று டெல்பினா நம்பியிருந்தவன், பயத்தில் ஞானியாகிவிட்டிருந்தான். அண்ணனுக்கு ஒரு படகளவு இடம்விடாத மனிதன் இன்று காயலையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறான். இந்தப் பெருந்தன்மையில் ஒரு துளி அன்றைக்கு இருந்திருந்தால் போதுமே என்ற நினைப்பு வந்ததும், அவள் கை சுக்கானில் இறுகியது.

பின்காற்றில் எல்லாப் படகும் கீழ்மிதவைக்கு ஓடி வந்தன. பாய்கள் விரிந்து விடைத்திருந்தன. அடிக்கட்டைகள் பக்கவாட்டில் நீண்டு நிற்க, ஒவ்வொரு படகும் இரண்டு மடங்கு அகலமாகத் தோன்றியது. வழியுரிமை வெள்ளைப் படகுக்கு. டெல்பினா அதன் முகத்துக்கு நேர் குறுக்கே போனாள்.

“ஏட்டி, ரொம்பக் கிட்ட,” என்றாள் ரெஜினா.

“தெரியும்.”

மோதலைத் தவிர்க்கப் பெர்க்மான்ஸ் சுக்கானை முழுவதுமாக இழுத்தார். படகு துள்ளித் திரும்பியது. காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது. அடிக்கட்டை ஒரே வீச்சில் குறுக்கே பறந்தது. கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்த ஜூடு அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

அந்த ஓசையை டெல்பினா முன்பு கேட்டதில்லை. அன்று அவள் கரையில், தொலைவில் இருந்தாள், பார்க்கத்தான் முடிந்தது. இப்போது கேட்டது.

ஜூடு தண்ணீரில் விழவில்லை. படகின் அடியில் சரிந்து உட்கார்ந்தான். புருவத்துக்கு மேலிருந்து இரத்தம் இறங்கிக் கண்ணை மூடியது. ரெஜினாவின் கையிலிருந்து கயிறு நழுவ, முன்பாய் படபடத்தது.

“சுத்திருவோம்ட்டி,” என்றாள் ரெஜினா. அவள் குரலில் சிரிப்பு எங்கோ போயிருந்தது. “இந்தப் பயல் என்ன செஞ்சான்? சுத்திட்டுக் கரைக்குப் போயிருவோம்.”

அதற்குச் சுக்கானை ஒருமுறை தள்ளினால் போதும். இரண்டு வட்டம், தவறு கழுவப்படும், முறையீடு செல்லாது, சான்றி உறங்கும். டெல்பினாவின் கை தள்ளத்தான் எழுந்தது. தான் செய்தது என்ன என்பது அவளுக்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. அதே மிதவை, அதே வீச்சு, அதே நெற்றி. பெர்க்மான்ஸுக்கும் தனக்கும் இடையே அவள் கவனமாகக் காத்துவந்த தொலைவு இப்போது இரண்டு படகுகளின் இடைவெளிதான்.

அப்போது சுற்றிலும் பாய்கள் இறங்கின. ஒன்று, இன்னொன்று, பிறகு எல்லாம். பந்தயத்தை விட்டுவிட்டுக் கழகம் முழுவதும் ஜூடுவை நோக்கித் துடுப்புப் போட்டு வந்தது. ஒருவர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். முதல் விதியை அவர்கள் அட்சரம் பிசகாமல் அறிந்திருந்தார்கள். மஞ்சள் படகுக்காரர் சட்டையைக் கழற்றிக் கட்டுப்போடக் கிழித்துக்கொண்டிருந்தார். கஸ்பாருக்கு மிக அருகில் அன்று கடந்துபோனவர் அவர்தான்.

டெல்பினா கையைச் சுக்கானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சுத்து தாயி.” பெர்க்மான்ஸ் எழுந்து நின்றிருந்தார். மருமகன் காலடியில் கிடக்க, அவர் பார்வை அவள்மேல் இருந்தது. “ரெண்டே ரெண்டு சுத்து. கோப்பையும் ஒனக்கே. கழகத்த வேணும்னாலும் எடுத்துக்க. ஒன் காலுல விழுதேன், சுத்து.”

“மாமா,” என்றான் ஜூடு. “அடி பட்டது எனக்கு.”

“தெரியுது மக்கா. ஒண்ணுமில்ல. சின்னக் காயந்தான்.”

“நீங்க இன்னும் பாக்கவே இல்லயே.”

பெர்க்மான்ஸ் அப்போதும் குனியவில்லை. “நீ பேசாம இரு. கரைக்குப் போயிப் பேசிக்கிடலாம்.”

ஜூடு ஒரு கையால் நெற்றியைப் பொத்தியபடி எழுந்தான். சுற்றி நின்ற படகுகளைப் பார்த்தான். அவன் முகம் திரும்பிய பக்கமெல்லாம் முகங்கள் தாழ்ந்தன. வந்தவர்கள் யாவரும் அவன் காயத்துக்கு வந்தவர்கள்தாம். ஆனால் ஒருவர் கண்ணும் காயத்தில் இல்லை. அவனுடைய வலக்கையையே எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு பேரு எதுக்குப் பயப்படுதீங்க?” என்று கேட்டான். பிறகு டெல்பினாவிடம் திரும்பினான். “அக்கா, வேணும்னுதான செஞ்சீங்க?”

“ஆமா.”

“சுத்தப்போறீங்களா?”

“இல்ல தம்பி.”

“கொடியத் தொடாதல,” என்றார் பெர்க்மான்ஸ். பருவம் முழுக்க அடக்கி வைத்திருந்த கோபம் கடைசியில் வெளியே வந்தது, வர வேண்டிய திசைக்கு அல்லாமல். “தொட்டா எம் மகளோட வாழ மாட்ட. தொடாத.”

ஜூடு அவரை நின்று பார்த்தான். பிறகு பின்கம்பிக்குப் போனான். உப்பேறி இறுகியிருந்த முடிச்சை இரத்தம் பட்ட விரல்களால் நெம்பினான்; வராதபோது பல்லால் கடித்து இழுத்தான். சுருளின் வெளிப்புறம் வெயிலில் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. உள்மடிப்பு புதுத் துணிபோலச் சிவந்திருந்தது. கச்சான் காற்று அதை அவன் கையிலிருந்து பறிப்பதுபோல் விரிக்க, அவன் அதைக் கம்பியின் உச்சிவரை ஏற்றிக் கட்டினான்.

டெல்பினா தன் காலடியில் இருந்த கறுப்புக் கட்டியைப் பார்த்தாள். அதன் விளிம்பில் ஒரு பச்சை ஒளி எரியத் தொடங்கியிருந்தது. அது முதலில் சொல்லப்போகும் பெயர் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.