ஏரிக்கு நடுவே ஒரு ஜாம் கடை

போன் மறுபடியும் அடித்தது. இன்றைக்கு இது நான்காவது முறை.

"ஹலோ, நாங்க ஏரிக்கரையில நிக்கிறோம். மேப்ல உங்க ஜாம் கடை தண்ணிக்கு நடுவுல இருக்கு. படகுல வரணுமா?"

"இல்லைங்க, கடை காட்டுக்குள்ள…" என்று சைமி தொடங்கினாள். எதிரே அப்பா தௌனோ இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். சொல்லாதே, சொல்லாதே!

சைமி வாயை மூடிக்கொண்டாள். "சரிம்மா, நாங்க கிளம்புறோம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

"அப்பா! நாலாவது ஆளும் போயாச்சு!"

"நான் என்னடி பண்ணட்டும்? நூலகத்துக் கம்ப்யூட்டர் வகுப்புல கடையை மேப்ல போடச் சொன்னாங்க. போட்டேன்."

"ஏரிக்குள்ளயா?"

"நம்ம கடைக்குப் பின்னாடிதானே சதுப்பு நிலம்? கடை தெரிஞ்சா, ஹில்லா எங்க பழுக்குதுன்னும் தெரிஞ்சுடும்!"

சைமிக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஹில்லா, சதுப்பு நிலத்தில் தானாக விளையும் மஞ்சள் பழம்; அவர்கள் ஜாம் அதில்தான். அது கிடைக்கும் இடத்தை அந்த ஊரில் யாருமே யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அப்பா தன் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அதே வகுப்புக்குப் போன பக்கத்து வீட்டு ரீட்டா, கம்பளிக் காலுறைகளை நார்வே வரை விற்கிறாள். அப்பாவும் ஆறு செவ்வாய்க்கிழமை போனார். படம் போடக் கற்றார், விலை போடக் கற்றார், கடையை ஏரியில் போட்டார்.

வீடேதான் கடை. அலமாரியில் அறுபது புட்டி ஜாம். மேசையில் ஓலு நகரத்துக் கிடங்கு வேலைக்கான விண்ணப்பத் தாள். ஜாம் விற்காவிட்டால் குளிர்காலம் முழுக்க அப்பா அங்கேதான். சைமி, அத்தை வீட்டில்.

"சும்மா நிக்காதே. போய்த் தபால் எடுத்துட்டு வா" என்றார் அப்பா.

அதற்கும் மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். தபால்காரர் காட்டுக்குள் வருவதில்லை; அவர்களுக்கு வரும் கடிதங்களைப் போட்டுவைக்கும் தபால் பெட்டி பெரிய சாலையோரத்தில் இருந்தது. எரிச்சலோடு பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தபாலை எடுக்காமலே திரும்பி மிதித்தாள்.

"அப்பா, தபால்காரர் நம்ம வீட்டைப் பார்த்திருக்காரா?"

"இல்லை."

"ஆனா தபால் வருதில்ல? ஜாமையும் அங்கேயே வைப்போம். மேப்லயும் அந்த இடத்தைப் போடுவோம்."

"அங்க ஒரு ஹில்லாகூடக் கிடையாதே!"

"அதுக்குத்தாம்ப்பா அங்க!"

அப்பா மடிக்கணினியைத் திறந்தார். சைமி நீட்டிய கையைத் தடுத்தார். "நீ தொடாதே. மேப்ல கடையை எப்படி நகர்த்தணும்னு சொல்லு, நானே நகர்த்துறேன்."

சனிக்கிழமை தபால் பெட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். கார்கள் வரிசையாக நின்றன. மாலையில் இரண்டு புட்டிதான் மிச்சம்.

கடைசியாக வந்த பெண் கேட்டாள்: "இதெல்லாம் எங்க பறிச்சீங்க?"

"காட்டுல" என்றார் அப்பா.

போச்சு, இவளும் கிளம்பிவிடுவாள்! சைமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டா நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். "ரெண்டையும் குடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், 'ஜாம் தீர்ந்தது. அடுத்த கோடையில் வாங்க' என்று பெரிதாக எழுதித் தபால் பெட்டியில் ஒட்டினார்.