பன்னிரண்டு கிளைப் பனித்துகள்

"மூச்சு விடாதீங்க!"

மிஸுஹோ கத்துவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கறுப்பு வெல்வெட் பலகையில் பன்னிரண்டு கிளைகளோடு மின்னிய பனித்துகள்... குனிந்து பார்த்தவனின் மூச்சு பட்டு ஒரு சொட்டுத் தண்ணீராகிவிட்டது.

"ஐயோ... என்னங்க ஆச்சு?" பனி அள்ளும் வண்டி ஓட்டும் கோஹெய் திகைத்து நின்றான்.

"போச்சு! முப்பத்தெட்டு நாளா இந்தத் தொகாச்சி மலையில இதைப் படம் எடுக்கத்தான் விறைச்சுக்கிட்டு நிக்கிறேன். ஆறு கிளை ஆயிரம் கிடைக்கும். பன்னிரண்டு கிடைக்குமா?"

"மன்னிச்சிடுங்க. ஆனா கோபம் வந்தா உங்க மூக்கு அழகா சிவக்குது."

"அது குளிர்ல!"

மறுநாள் காலை, மூக்குக்கு மேல் வரை கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். கண்கள் மட்டும் தெரிந்தன. கருகருவென்று... இமை முடியில் ஒரு வெள்ளை நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது. மைக்ரோஸ்கோப்பை மறந்து அதையே பார்த்தாள் அவள்.

"மேல் காத்து அடங்கினதும் கணவாய்ல பெரிய பூவா விழும். வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"மைனஸ் பதினஞ்சு டிகிரியும் ஈரப்பதமும் சேர்ந்தாதான் கிளை விடும். பனியை ஓரமா தள்ளுறவருக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் கண்கள் சட்டென்று வாடின. வண்டியேறிப் போய்விட்டான்.

நான்கு நாட்கள் வண்டி அவள் குடிசை வழியே வந்தது, நிற்காமல் போனது. காற்றில் உடைந்த துகள்கள்தான் பலகையில் விழுந்தன. 'நானே போய்ப் பேசினா என்ன, குறைஞ்சா போயிடுவேன்?' ஐந்தாம் நாள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்து வண்டி ஷெட்டுக்கே போய் நின்றாள்.

"நான் பேசினது தப்பு. படம் கிடைச்சாலும் தப்பு, கிடைக்கலைன்னாலும் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கோஹெய் குடித்துக்கொண்டிருந்த சோள சூப்பில் பாதியை ஊற்றி நீட்டினான். "சூடு ஆறுது, குடிங்க. நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பலாம்."

கணவாயில் காற்று அடங்கியிருந்தது. அவன் குடை பிடித்தான். அவள் மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். இல்லை... இல்லை... விரல்கள் மரத்துப்போயின. "போதுங்க" என்றான் அவன். "இன்னும் ஒண்ணு" என்றாள் அவள். எழுபதாவதோ எண்பதாவதோ...

பன்னிரண்டு!

ஒன்பது படம் எடுத்து முடித்து நிமிர்ந்தவளின் கன்னமெல்லாம் ஈரம்.

"கோஹெய்-சான், ஷெட் சுவர்ல வரைபடம் பார்த்தேன். நீங்க பனி அள்ள வேண்டிய ரோட்டுல என் குடிசைப் பாதையே இல்லையே?"

குடை ஆடியது. "அது... டிசம்பர்ல ஒரு நாள் உங்களைத் தூரத்துல பார்த்தேன். அப்புறம்... தினமும் அந்தப் பக்கமே வண்டி திரும்பிடுது."

அவள் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் முகம் காதுவரை சிவந்தது. "ஏப்ரல்ல பனி போயிடும். நீங்களும் உங்க ஊர் சப்போரோவுக்குப் போயிடுவீங்களே..."

"போவேன். நீங்க அங்க வாங்க. இல்லைன்னா நான் இங்க வருவேன். ரெண்டுல ஒண்ணு நடந்தே ஆகணும்."

"ஏன் ஒண்ணு?" என்றான் கோஹெய், அவள் விறைத்த விரல்களைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு. "ரெண்டுமே நடக்கட்டும்."