தரைக்கு அடியில் காற்று

முள் ஆடியது. ஆடக் கூடாத முள்.

வீட்டின் கடைசி அறையின் தரையில் விரல் நுழையும் அளவுக்கு அவள் போட்ட துளையில் ஒரு குழாய் இறங்கியிருந்தது. சுற்றிலும் களிமண்ணை அப்பி அடைத்து, மேல் நுனியில் அழுத்தமானியைப் பொருத்தியிருந்தாள். கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் காற்று அடங்கிக் கிடக்கும். முள்ளும் அப்படியே கிடக்க வேண்டும். இதுவோ பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று சாவகாசமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு காலத்தில் இந்த மனையில் ரசாயனக் கிடங்கு இருந்தது. கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணைக் கொட்டி வீடு கட்டினார்கள். அப்படியும் ஏதாவது ஆவி தரை வழியே கசிகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்கு "மோப்பம்" என்று பட்டப்பெயர். இந்த வீடு அவள் தங்கையுடையது என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தங்கை காலையிலேயே போனில் நச்சரித்தாள்.

"எல்லாம் சுத்தம்னு வீடு கட்டின கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. ஆனா உன் மூக்கு சொன்னாதான்க்கா பாப்பாவைத் தூக்கிட்டு வருவேன்."

"சாயங்காலம் சொல்றேன்டி. அதுவரைக்கும் மாமியார் வீட்டுலயே இரு."

சோதனை நடக்கும்போது கதவு ஜன்னலெல்லாம் மூடியிருக்க வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. வீட்டுக்குள் ஆளும் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியை மட்டும் அவள் மீறினாள். வெளியே போய் என்ன செய்வது? அவள் குடியிருப்பில் காலையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தம்ளர் இரவு வரை கவிழ்த்த இடத்திலேயே இருக்கும். எடுக்க இன்னொரு ஆள் கிடையாது.

களிமண்ணை மறுபடி அழுத்தினாள். முள் ஆடியது. ஃபிரிட்ஜை அணைத்தாள். அதன் முனகலும் ஓய்ந்தபின் புதுப் பெயிண்ட் வாடையும், திரைச்சீலை ஓரத்தில் கசியும் மத்தியான வெளிச்சமும், தன் மூக்கில் போய் வரும் காற்றின் சன்னமான சத்தமும் மட்டுமே மிச்சமிருக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுத்துப்போய் ஒரு பெருமூச்சு விட்டாள்.

முள்ளும் நீளமாகச் சாய்ந்து மெல்லத் திரும்பியது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டு மூச்சை வேகமாக இழுத்து விட்டாள். முள் வேகமாக ஆடியது. மூச்சை அடக்கினாள். நின்றது. விட்டாள். சரியாகத்தான் செய்கிறோமா என்று யோசிப்பதுபோலக் கொஞ்சம் தாமதித்து, அதுவும் விட்டது.

பயந்துதான் போனாள். ஆனாலும் எழுந்து ஓடவில்லை. பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டு அவளுக்கு வருஷக் கணக்காகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தத் துணை அவளுக்குப் பிடித்திருந்தது. மறுபடி அடக்கினாள், மறுபடி விட்டாள். சிரிப்புக்கூட வந்தது. சுவரில் வெளிச்சம் ஏறி மங்கும்வரை அதற்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

எப்போது மாறியதென்று தெரியவில்லை. முள் முதலில் சாய்ந்தது. பிறகுதான் அவள் மார்பு ஏறியது.

முள்ளுக்கு முந்தி இழுத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை.

கைப்பேசியை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். ஒரே வார்த்தை சொன்னால் போதும். வராதே. அவ்வளவுதான்.

முள் சாய்ந்தது. அங்கேயே நின்றது. இழுத்த மூச்சு அவளுக்குள்ளேயே நின்றது.

தங்கையின் கைப்பேசி மணி வாசலில் ஒலித்தது. சாவி திரும்பியது.

"வாசல்லயே நிக்கறேன், அதுக்குள்ள எதுக்குக்கா போன்? அங்க இருப்புக் கொள்ளல, கிளம்பி வந்துட்டேன். ஏன் வீடு இப்படி இருட்டிக் கிடக்கு? பாப்பா தூங்கிட்டா. கூடத்துலயே போடறேன், சத்தம் போடாத."

அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. காது அடைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. கூடத்தில் விரிப்பை உதறும் ஓசை. குழந்தையைத் தரையில் கிடத்தும் ஓசை.

சட்டென்று அவளை விட்டுவிட்டது.

இருமினாள். காற்று நெஞ்சில் கொட்டியது. முள்ளைப் பார்த்தாள். அசைந்துகொண்டிருந்தது. அது அவள் மூச்சு இல்லை. இது சின்னது. வேகமானது. பூஜ்யத்தை ஒட்டியே போய் வந்தது.

"தூக்குடி! பாப்பாவைத் தூக்கு!"

"ஷ்ஷ்... இப்பதான்க்கா தூங்கினா."

முள் ஒருமுறை ஆழமாகச் சாய்ந்தது. அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே நின்றது.

எழுந்தாள். மரத்துப்போன கால் மடங்கியது. தவழ்ந்தாள். கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் தங்கை. அசையாத அந்தச் சின்ன மார்பை, குழந்தையின் தூக்கம் கலைந்துவிடாமல், மெல்ல மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.