அம்மாவுக்குக் கண் பரீட்சை

ஜுனு ஓடியது நான்காவது கோட்டில். அம்மா கத்தியதோ இரண்டாவது கோட்டைப் பார்த்து.

"ஓடு ஜுனு, ஓடு! விடாதே! அப்படித்தான்!"

பள்ளியில் விளையாட்டு விழா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி நீல நிக்கர், தலையில் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி. இரண்டாவது கோட்டில் ஓடிய ரினாவுக்கும் ஜுனுவைப் போலவே இரட்டைப் பின்னல். ரினா முதலில் வந்தாள். ஜுனு பாதி வழியில் தடுக்கி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, கடைசியாக வந்தாள்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். "முதல்ல வந்துட்டியே என் தங்கம்!"

கட்டிப்பிடித்த பிறகுதான் முழங்காலில் ரத்தம் தெரிந்தது. "ஐயையோ! ஜெயிச்சதுக்கு அப்புறமா விழுந்தே?"

"ஆமாம்மா" என்றாள் ஜுனு. வேறு என்ன சொல்வாள், பாவம்!

எல்லாம் தம்பி சுயோக் செய்த வேலை. அவனுக்கு நான்கு வயது. எங்கே உட்காரப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆகஸ்டு மாதம் ஒருநாள் அம்மாவின் கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டான். அப்பா டேப் போட்டு ஒட்டினார். சோற்றுப் பானையின் ஆவியில் டேப் இளகி, ஒரு கண்ணாடிச் சில்லு கழுவும் தொட்டியின் குழாய்க்குள் போயே போய்விட்டது.

அவர்கள் நேபாளத்து மலையிலிருந்து ஜப்பானில் உள்ள நகோயா நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். நாள் முழுக்க அடுப்பில் 'நான்' ரொட்டி சுடுவார். அவர் ஊரில் யாரும் அந்த ரொட்டியைச் சாப்பிடுவதில்லை. ஆனால் நகோயாக்காரர்கள் கேட்கிறார்களே, என்ன செய்வது!

அப்பா தினமும் சொல்லிப் பார்த்தார். "ஸ்டேஷன் பக்கத்துல கண்ணாடிக் கடை இருக்கே, ஒரு எட்டு போயிட்டு வாயேன்."

"இன்னிக்கு மழை" என்பாள் அம்மா. இன்னொரு நாள் தம்பிக்குச் சளி. மறுநாள் அவளுக்கே தலைவலி. பஸ் எண் தெரியாமல் வேலைக்கு நடந்தே போனாள். சர்க்கரை என்று நினைத்துத் தேநீரில் உப்பைப் போட்டாள். அப்போதும் கடைப்பக்கம் போகவில்லை.

விளையாட்டு விழா முடிந்த அன்று ஜுனுவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அம்மாவுக்கு நான் யாருன்னே தெரியலடா" என்றாள் தம்பியிடம். "எனக்குப் பதிலா ரினா வந்து உட்கார்ந்தாலும் சோறு போட்டு ஊட்டி விட்டிருப்பா. கண்ணாடி வாங்கினா என்ன குறைஞ்சா போயிடுவா? என்னைப் பார்க்கணும்னு அவளுக்கு ஆசையே இல்ல."

"ரினா வருவாளா?" என்று ஆவலாகக் கேட்டான் சுயோக்.

தீபாவளி வந்தது. அம்மா செல் ரொட்டி சுட உட்கார்ந்தாள். அரிசி மாவைக் கையால் வளையமாகச் சுற்றி எண்ணெயில் விடவேண்டும். அதற்குக் கண்ணாடி தேவையில்லை, அம்மாவின் கைக்கே வழி தெரியும்.

"ஜுனு, அலமாரிக்கு அடியில இன்னொரு டின் மாவு இருக்கு, எடுத்துட்டு வா."

டின்னைத் தூக்கினால், அடியில் ஒரு நோட்டு. திறந்தால் ஜப்பானிய எழுத்துகள். ஒவ்வொன்றும் பக்கம் முழுக்கப் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. ஒரே எழுத்து எட்டுப் பக்கம் வரை போயிருந்தது.

"அம்மா, இது சுயோக் கிறுக்கினதா?"

அம்மா திரும்பினாள். காது வரைக்கும் சிவந்துவிட்டாள். "கொடு இங்கே! அப்பாகிட்ட சொல்லிடாதே."

"நீ எழுதினதா? எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கே?"

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கண் பரீட்சைக்குப் படிக்கிறேன்டி."

"எதுக்கு?"

"ஊர்ல கண்ணாடி வாங்கினப்போ டாக்டர் சுவத்துல நம்ம எழுத்து அட்டையை மாட்டி, வாசின்னார். நான் கடகடன்னு வாசிச்சேன். இங்கே இவங்க எழுத்தைத்தானே மாட்டியிருப்பாங்க? கண்ணு தெரியலன்னா பரவாயில்ல. எழுத்தே தெரியலன்னா? கடையில அத்தனை பேர் நிப்பாங்க. அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணோட அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியலையேன்னு சிரிக்க மாட்டாங்களா? உனக்குத்தானே அவமானம்!"

ஜுனுவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஆசை இல்லை என்றல்லவா நினைத்திருந்தாள்! பக்கங்களைப் புரட்டி எண்ணினாள். கண்ணாடி உடைந்த நாளிலிருந்து பத்தொன்பது எழுத்து. இந்த வேகத்தில் போனால், மிச்சம் இருக்கிற இரண்டாயிரம் சித்திர எழுத்தையும் முடிப்பதற்குள் ஜுனுவுக்கே பிள்ளைகள் பிறந்துவிடும்.

"அம்மா, அங்கே எழுத்தே கிடையாது. வெறும் வளையம்தான்."

"போடி, கேலி பண்ணாதே."

"சத்தியமா! ஸ்கூல்ல வருஷா வருஷம் எங்க கண்ணைப் பார்க்கிறாங்களே. வளையத்துல ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இருக்கும். அது எந்தப் பக்கம்னு கையைக் காட்டினாப் போதும்."

"எழுத்தே இல்லாம எப்படிடி கண்ணைப் பார்ப்பாங்க? என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறதுக்காகக் கதை கட்டுறே."

ஜுனு சுற்றும் முற்றும் பார்த்தாள். தட்டில் செல் ரொட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒரே கடி!

"அடிப்பாவி! பூஜைக்கு வெச்சதை எச்சில் பண்ணிட்டியே!"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. இங்கே பாரு." அறையின் மறுகோடிக்குப் போய் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தாள். "எந்தப் பக்கம் கடிச்சிருக்கேன்?"

அம்மா கண்ணைச் சுருக்கினாள்.

"சுருக்கக் கூடாது!"

அம்மாவின் கை தயங்கித் தயங்கி வலப்பக்கம் காட்டியது.

"சரி! இப்போ?" ஜுனு ரொட்டியைத் திருப்பினாள்.

"மேலே."

"அவ்வளவுதாம்மா பரீட்சை!"

"நானும், நானும்!" என்று சுயோக் ஓடிவந்தான். ஒரு ரொட்டியை எடுத்து நான்கு பக்கமும் கடித்துவிட்டு, வாய் நிறைய ரொட்டியோடு கேட்டான். "எந்தப் பக்கம்?"

"உன் வயித்துப் பக்கம்!" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஜுனு வாசற்கதவு வரை போய் நின்று ரொட்டியைக் காட்டியபோது, "ரொட்டியே தெரியல, அதுல கடிச்ச இடத்தைக் கேக்கிறியே!" என்று இன்னும் சிரித்தாள்.

"அப்போ கடைக்கு வர்றியா?"

"வர்றேன். ஆனா நல்ல கடையா இருக்கணும். அப்பாகூட வேலை பார்க்கிறாரே குல் பகதூர் மாமா, அவருக்கு அவசர அவசரமா அளந்து கொடுத்துட்டாங்களாம். கண்ணாடியைப் போட்டா தலைவலி, கழட்டினா கறியில உப்பு ரெண்டு தடவை. எது நல்ல கடைன்னு நமக்கு யார் சொல்லுவா?"

அது கஷ்டமான கேள்விதான். மறுநாள் வகுப்பில் ஜுனு அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். கரும்பலகை முன்னால் ஹொரிகுச்சி சார் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதுவார், மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை மேலே தள்ளுவார். இன்னொரு வரி, இன்னொரு தள்ளு.

ஜுனு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எண்ண ஆரம்பித்தாள். மணி அடிப்பதற்குள் முப்பத்தொன்று.

துணைத் தலைமை ஆசிரியர், காலைக் கூட்டத்தில் மட்டும் பதினொன்று. நூலக அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

அந்த வாரம் வகுப்புக்குச் சாப்பாடு எடுத்துவரும் முறை ஜுனுவுடையது. பள்ளிச் சமையலறையில் மினேகிஷி அம்மா அண்டாவுக்குள் குனிந்து சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஆவி, நெற்றியில் வேர்வை. நிமிர்ந்தார், குனிந்தார், வாளியைத் தூக்கினார். கண்ணாடி இம்மிகூட அசையவில்லை. ஜுனு மூன்று நாள் பார்த்தாள். மூன்று நாளும் பூஜ்யம்தான்.

"மினேகிஷி அம்மா, உங்க கண்ணாடியை எங்கே வாங்கினீங்க?"

"ஏன், எனக்கு அழகா இருக்கா?"

"நழுவவே மாட்டேங்குதே!"

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மூணு நாளா என் மூக்கைத்தான் பார்த்துட்டிருந்தியா? சூப்புல ஏதோ விழுந்துடுச்சு போலன்னு நான் பயந்தே போயிட்டேன்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைத்தெருவுல மீன்கடைக்கு அடுத்த கடை. ஷிமோதான்னு ஒரு பொண்ணு. ஆனா ஒண்ணு, லேசுல விடமாட்டா. என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வெச்சுட்டா."

ஒன்றரை மணி நேரம்! ஜுனுவுக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும், புத்தகப் பையோடும் மஞ்சள் தொப்பியோடும் ஜுனு நேராகக் கடைத்தெருவுக்கு ஓடினாள். அம்மா கடைவாசலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு நாள் வரலாமா?"

"நட உள்ளே!" என்றாள் ஜுனு.

ஷிமோதா இளம்பெண். அதிகம் பேசவில்லை. அம்மாவை உட்காரவைத்து, விளக்கை அணைத்து, எதிர்ச்சுவரில் வெளிச்சம் போட்டாள். பெரிய கறுப்பு வளையம் ஒன்று தோன்றியது. வலப்பக்கம் ஓர் இடைவெளி.

அம்மா ஜுனுவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அடியே, நிஜமாவே ரொட்டிதான்டி!"

கை வலப்பக்கம் போனது. மேலே போனது. இடப்பக்கம் போனது. வளையங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. நான்காவது வரிசையில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தோற்றுப்போன பிள்ளையைப் போல அம்மாவின் முகம் வாடியது. பிறகு, குருட்டாம்போக்கில் கீழே காட்டினாள்.

ஷிமோதா எழுதவில்லை. "ஊகிக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்றியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். எனக்கு அதுதான் வேணும்."

ஜுனு அதைத் தன் வழியில் சொன்னாள். "அம்மா, இந்தப் பரீட்சையில தெரியலன்னு சொன்னாத்தான் மார்க்கு."

கடையில், பஸ்ஸில், வேலை இடத்தில், யார் என்ன கேட்டாலும் மூன்று வருடமாக "சரிங்க, சரிங்க" என்றே தலையாட்டி வந்தவள் அம்மா.

"தெரியல" என்றாள் ஜப்பானிய மொழியில். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"நல்லது!" என்று ஷிமோதா சிரித்தாள். கனமான வட்ட ஃபிரேமை அம்மாவின் மூக்கில் மாட்டி, அதில் ஒரு வில்லையைச் செருகினாள். "இப்போ?"

"தெரியல!"

இன்னொரு வில்லை. "இப்போ?"

"தெரியல!" அம்மாவுக்கு இப்போது அந்தச் சொல்லின்மேல் ஆசையே வந்துவிட்டது.

இன்னொரு வில்லை. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். கை தானாக எழுந்து இடப்பக்கம் காட்டியது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வில்லைகளை மாற்றி மாற்றிப் பார்த்தபின் ஷிமோதா கதவைத் திறந்துவிட்டாள். "இதோடயே தெருவுல கொஞ்சம் நடந்து பாருங்க. தூரத்துல நல்லாப் பாருங்க. தலை சுத்தினா உடனே சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

ஜுனுவுக்கு ஒரு யோசனை வந்தது. "அம்மா, நீ மெதுவா வா!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கடைத்தெருவின் கோடியில், சிக்னலுக்காகப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. எல்லார் முதுகிலும் புத்தகப் பை. ஜுனு நடுவில் புகுந்து நின்றுகொண்டாள். கையை ஆட்டக் கூடாது, கூப்பிடவும் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அம்மா வெளியே வந்தாள். கடைத்தெருவை மூடியிருந்த மேற்கூரையைப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் ஐஸ்மேல் கிடந்த மீனைப் பார்த்தாள். பிறகு தெருவின் கோடியைப் பார்த்தாள். மஞ்சள் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜுனு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் ஜுனு!"

யாரும் சத்தமாகத் தும்மக்கூடச் செய்யாத தெரு அது. மீன்கடைக்காரர் கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கால்ல வெள்ளை சாக்ஸ், ஒரு கால்ல பச்சை சாக்ஸா! இப்படியா ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றே?"

சிக்னலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் ஜுனுவின் கால்களைப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஜுனு வெட்கத்தில் அங்கேயே அழுதிருப்பாள். இன்று வெள்ளைக் காலைத் தூக்கிக் காட்டினாள், பிறகு பச்சைக் காலையும் தூக்கிக் காட்டினாள்.

"எத்தனை நாளாடி இந்தக் கூத்து?"

ஜுனு அம்மாவைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"மூணு மாசமா, அம்மா!"