வந்த நேரம்

பென்சில் முனை மழுங்கியிருந்தது.

நேற்று மாலைதான் வெர்னா அதைக் கத்தியால் சீவி, பள்ளத்தாக்குப் பாதை வாசலில் இருந்த பதிவுப் பெட்டிக்குள் நோட்டின் மேல் வைத்து, தகர மூடியைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. வருவதற்கு ஆளே இல்லை. மே மாதம் வந்து வெயில் நூறு டிகிரியைத் தாண்டியதும், குளிர்காலம் முழுக்கத் திருவிழாக் கூட்டமாகக் கிடந்த முகாம் மைதானம் ஒரே வாரத்தில் காலியாகிவிட்டது. வடக்கிலிருந்து வீட்டையே வண்டியாக்கி ஓட்டிவந்த கிழவர்கள் நாய்களையும் மடக்கு நாற்காலிகளையும் மனைவிமார்களையும் அதே வரிசையில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். முப்பத்திரண்டு கூடார இடங்களில் ஒன்றாம் எண்ணில் மட்டும் ஆள் உண்டு. அது வெர்னாதான். பூங்காவின் முகாம் பொறுப்பாளி. சம்பளம் கிடையாது, அவள் குடியிருக்கும் டிரெய்லரை நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும் உண்டு. கணவன் இறந்த பிறகு இது பதினோராவது குளிர்காலம். நாளை மறுநாள் அவளும் கிளம்பவேண்டும்.

நோட்டைத் திறந்தாள். பெயர், எத்தனை பேர், எங்கே, போன நேரம், வந்த நேரம் என்று ஐந்து கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துபோன கல்லூரிப் பையன்களின் கிறுக்கலுக்குக் கீழே ஒரு புதிய வரி இருந்தது.

வெண்டல் ஹாஸ். ஒருவர். கழுதைப் பள்ளத்தாக்கு. போன நேரம் 2.10.

வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“எவனோ வேலையத்த பய,” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தின் மணலில் அவளுடைய பழைய பிக்கப் வண்டியின் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. மூடியைச் சாத்தும்போது தகரம் விரலைச் சுட்டது.

மலையேறப் போகிறவர்கள் போகும்போது ஒழுங்காக எழுதுவார்கள். திரும்பி வரும்போது காலும் கையும் ஓய்ந்து, குளிர்ந்த பீர் நினைப்பிலேயே வண்டியேறிப் போய்விடுவார்கள். பாதிப்பேர் வந்த நேரத்தை எழுதுவதில்லை. அப்படியே விட்டால் ரேஞ்சர்கள் ராத்திரியெல்லாம் விளக்கோடு அலையவேண்டும். அதனால் முகாம் பொறுப்பாளிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மாலையில் போய்ப் பார்க்கவேண்டியது. வண்டி இல்லையென்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். காலிக் கட்டத்தில் ஏதோ ஒரு நேரத்தைத் தாங்களே எழுதிவிடவேண்டியது. எல்லாரும் செய்வதுதான். வெர்னா பதினோரு வருடமாகச் செய்தாள், ஒரு தடவைகூடத் தப்பாகவில்லை.

மார்ச்சில் தப்பாயிற்று.

பதினான்காம் இடத்தில் கூடாரம் போட்டிருந்த வெண்டல் ஹாஸ் மதியம் பள்ளத்தாக்குக்குள் போனார். அவருடைய மனைவி ஜோனா, ஐஸ்கட்டி தீர்ந்துவிட்டதே என்று, பாதை வாசலில் நின்ற காரை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போனாள். மாலையில் வந்த வெர்னா கார் இல்லாததைப் பார்த்தாள். 5.40 என்று எழுதினாள். அந்த நேரத்தில் அவள் நினைப்பு முழுக்க அடுப்பில் வைத்துவிட்டு வந்த பீன்ஸ் மேல்தான் இருந்தது.

இருட்டிய பிறகு ஜோனா ஐஸ்பெட்டியோடு வந்து நின்றாள். “அஞ்சு நாப்பதுக்கே வந்துட்டதா நோட்டுல எழுதியிருக்காரே. அப்ப ஆளு எங்கங்க?”

“குளிக்கப் போயிருப்பாரு. இல்லன்னா யார் கூடாரத்துலயாவது உக்காந்து கதையடிச்சிட்டிருப்பாரு. ஆம்பளைங்கதானே, வந்துருவாரு போங்க.”

மறுநாள் காலை, பூங்காவுக்குப் புதிதாக வந்திருந்த ரேஞ்சர் டெஸ் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் கேட்டாள். “வெர்னா, இது அவரே எழுதினதுதானே?”

“ஆமா,” என்றாள் வெர்னா.

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு நாள் நெடுஞ்சாலைப் பக்கமும் ஓடைப் பக்கமும் தேடினார்கள். மூன்றாம் நாள் பள்ளத்தாக்குக்குள் போனார்கள். வறண்ட அருவியின் மேல்திட்டில், கணுக்கால் உடைந்து, காலணிகளைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாறை நிழலில் உட்கார்ந்தபடியே இருந்தார். இரண்டாம் நாள் மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ஏப்ரலில் ஜோனா கடிதம் எழுதியிருந்தாள். வெர்னாவின் அன்புக்கு நன்றி சொல்லி, கடைசியில் இரண்டு வரி. “அவர் திரும்பி வந்திருக்கிறார். நான் இல்லாததால்தான் மறுபடியும் என்னைத் தேடிப் போயிருக்கிறார். அந்த ஐஸ்கட்டிக்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.” அதைப் படித்த நாளிலிருந்து வெர்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. பதில் எழுத உட்காருவாள், எழுதமாட்டாள்.

நோட்டில் அந்தப் பெயரைப் பார்த்த மறுநாள் டெஸ் ஒரு பை ஐஸ்கட்டியோடு வந்தாள்.

“இந்த வெயில்ல நீங்க ஒருத்தர்தான் வெர்னா இன்னும் வேகாம இருக்கீங்க.”

“வெந்து, வத்தி, கருவாடாவே ஆயாச்சு கண்ணு. இனிமே வேக என்ன இருக்கு?”

டெஸ் சிரித்தாள். “நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரேன். சாவிய வாங்கிட்டு, பாதை நோட்டையும் பாத்துட்டுப் போறேன். சொல்லாம கொள்ளாம ஓடிராதீங்க. ரேடியோவக் கையிலயே வச்சுக்கங்க. பள்ளத்தாக்குல மட்டும் நம்பாதீங்க, அங்க அதுக்குக் காது உண்டு, வாய் கிடையாது.”

வெர்னா வாயைத் திறந்தாள். ஐஸ்கட்டி உருகி முழங்கையில் வழிந்தது. “பாத்துப் போ,” என்று மட்டும் சொன்னாள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கோடைக்காக எல்லாக் குழாய்களையும் அவளே மூடியிருந்தாள். வெறிச்சோடிய மேஜைகளையும், சாம்பல் வாரிச் சுத்தமாக்கிய அடுப்பு வளையங்களையும், எண் எழுதிய கம்பங்களையும் கடந்து, காதைத் தீட்டிக்கொண்டு போனாள். பதினான்காம் இடத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே மண் எலும்புபோல் காய்ந்திருந்தது. சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது, சொட்டு இல்லை. புதர்களிலிருந்து மழை பெய்த வாசனை வந்தது, வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாருடைய தாகம் இது என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உதறிவிட்டு விறுவிறுவென்று டிரெய்லருக்குத் திரும்பினாள்.

அன்று மாலையும் நோட்டில் இன்னொரு புதிய வரி, அதே பெயர். அதே 2.10. அதே காலிக் கட்டம். இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் பென்சிலை ஊன்றி ஊன்றி எடுத்த புள்ளிகள் இருந்தன, என்ன எழுதுவது என்று தெரியாமல் யாரோ வெகுநேரம் யோசித்ததைப் போல. வெர்னா அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதாள். பயமும் இருந்தது. ஆனால் அழுகை பயத்தால் வரவில்லை.

கடைசி நாள் காலையில் எழுந்ததும் எழுதிவிட்டாள். ஒரே பக்கம். ‘அவர் திரும்பி வரவே இல்லை, ஜோனா. அதை எழுதியது நான். கேட்டபோது பொய் சொன்னதும் நான். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.’ உறையில் போட்டு, ஒட்டி, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானை மாட்டினாள். டெஸ் வந்ததும் அவளைப் படிக்கச் சொல்லி, அவள் கையாலேயே தபாலில் சேர்த்துவிடவேண்டும். ஜோனாவின் கடிதம் வந்த பிறகு முதல் தடவையாக முட்டை பொரித்து, ரொட்டியில் வைத்து முழுசாகச் சாப்பிட்டாள்.

மாலை நாலே காலுக்கு, பாதை வாசலில் பிக்கப்பை நிறுத்தி இறங்கியபோது விசில் கேட்டது.

மூன்று முறை. இடைவெளி. மறுபடியும் மூன்று முறை. ஆபத்தில் இருந்தால் இப்படி ஊதுங்கள் என்று அவளே ஒட்டிய அறிவிப்பு பெட்டிக்கு மேலேயே இருந்தது. ரேடியோவில் டெஸ்ஸைக் கூப்பிட்டாள். டெஸ் மலைக்கு அந்தப் புறம் எங்கேயோ இருந்தாள், வெறும் இரைச்சல்தான் வந்தது. விசில் திரும்பக் கேட்டது, இந்தத் தடவை மூச்சு போதாமல் மூன்றாவது ஊதல் பாதியில் நின்றுபோனது. உள்ளே ஒரு மனிதன் இருந்தால்? பெயரை வைத்து விளையாடிய கிறுக்கனாகவே இருக்கட்டும், அவனும் ஓர் உயிர்தானே. இன்னொரு தடவை விசில் கேட்டும் சும்மா இருக்க அவளால் முடியாது.

நோட்டைத் திறந்து, எப்படி எழுதவேண்டுமோ அப்படி எழுதினாள். வெர்னா டல்லி. ஒருவர். கழுதைப் பள்ளத்தாக்கு. போன நேரம் 4.20. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஆறு மணிக்கு டெஸ் வருவாள், காலிக் கட்டத்தைப் பார்ப்பாள், நிற்கிற வண்டியைப் பார்ப்பாள், பின்னாலேயே வந்துவிடுவாள். அந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை.

பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பித் துப்பிக்கொண்டிருந்தன. உள்ளே போகப் போகக் காற்று நின்றது, பூச்சிகள் நின்றன, அவள் செருமினால் சுவர்கள் கொஞ்சம் தாமதித்துச் செருமின. மணலில் ஒரு தடம். ஒரு வெறுங்கால், பக்கத்திலேயே இழுபட்ட ஒரு கோடு, திரும்பவும் ஒரு வெறுங்கால். தடம் பள்ளத்தாக்குக்கு வெளியே போவதாக இருந்தது. விசில் உள்ளேயிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவள் நிற்கவில்லை, வறண்ட அருவியின் படிக்கட்டுப் பாறைகளில் கையூன்றி ஏறினாள். மேல்திட்டுக்கு ஓர் எட்டு இருக்கும்போது கல் புரண்டது.

கணுக்காலில் சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

முழங்கையால் ஊர்ந்து மேல்திட்டில் ஏறி விழுந்தாள். தண்ணீர்ப் புட்டி உருண்டு கீழே போயிற்று. பாறை இடுக்கின் வழியே, தூரத்தில், வண்டி நிறுத்தும் இடம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பரவாயில்லை. டெஸ் வருவாள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள், கடிதம் இருந்தது.

ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பெல்ட் தேய்ந்து கிறீச்சிடுகிற சத்தம். அவளுக்குப் பழகிய சத்தம்.

இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவளுடைய பிக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு மெதுவாகத் திரும்பி, புதர்களுக்குப் பின்னால் போய் மறைந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள்.

5.40.

ரேடியோவில் கத்தினாள். இரைச்சல். கத்தினாள். தொண்டை காய்ந்து குரல் வரவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது, நல்ல வெளிச்சம், எல்லாம் தெளிவாகத் தெரிகிற வெளிச்சம். ஆறு மணிக்குப் பச்சை வண்டி வந்தது. டெஸ் இறங்கினாள். பெட்டியைத் திறந்தாள். வெர்னா சட்டையைக் கழற்றி வீசலாமா என்று நினைத்து, கையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ரேடியோ தெளிவாகப் பேசிற்று.

“ஆபீஸ், நான் டெஸ். பள்ளத்தாக்கு வாசல்ல இருக்கேன். வெர்னா உள்ள போயிருக்காங்க, ஆனா அஞ்சு நாப்பதுக்கு வந்துட்டதா எழுதியிருக்கு.”

“வண்டி?”

“வண்டி இல்ல. ஊருக்குப் போயிருப்பாங்க.”

“அவங்களே எழுதினதுதானே?”

நோட்டின் மேல் டெஸ் குனிவது தெரிந்தது.

“ஆமா. அவங்க கையெழுத்துதான். சொல்லாம ஓடிட்டாங்க பாரு கெழவி. நாளைக்குப் பாத்துக்கறேன்.”

மூடி சாத்தப்பட்டது. பச்சை வண்டி போனது. நாளை தேடுவார்கள். நெடுஞ்சாலைப் பக்கம்.

விசில் கேட்டது. மெல்ல. பக்கத்தில்.

அந்த மார்ச் ராத்திரியும் இதே விசில் அவளுக்குக் கேட்டிருந்தது. மூன்று முறை. பறவை என்று சொல்லிக்கொண்டு, அன்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

திரும்பினாள்.

பாறை நிழலில் காலணிகள் ஒழுங்காக ஜோடியாக இருந்தன. அவற்றுக்கு அப்பால் அது உட்கார்ந்திருந்தது. உதடுகள் வெடித்துக் கறுத்திருந்தன. முகத்தில் கோபம் இல்லை. விரல்களுக்கு நடுவே மழுங்கிய பென்சில்.

அவளைப் பார்த்தது.

பிறகு, அவளும் உட்கார இடம் விட்டு, உடைந்த காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.