பேட்டரி இல்லாத நாற்பது விளக்குகள்

ரேடியோவை அணைத்து ஒரு மணி நேரமாகியும் நாற்பதாவது விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஹேசுக், கொரிய மலையொன்றைக் குடைந்த சுரங்கச் சாலையின் வாயில் நின்று அதையே பார்த்தாள். உள்ளே போகிற கார்களுக்குப் பாட்டுக் கேட்கட்டும் என்று பரப்பிய ரேடியோ அலையைத் துளித்துளியாக உறிஞ்சி எரிகிற குட்டி விளக்குகள் அவை. சுவரில் விரிசல் பெரிதாகிறதா என்று கண்காணிக்க, இந்த வாயில் ஒன்று தொடங்கி அந்தக் கடைசியில் நாற்பதுவரை, பத்து மீட்டருக்கு ஒன்றாக, அவளும் கூட வேலை பார்த்த மான்ஹோவும்தான் ஒட்டினார்கள். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. காற்றில் அலை இருந்தால் சிமிட்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். இரண்டு மணிக்கு அவளே ரேடியோ சுவிட்சை அணைத்தாள். மற்ற முப்பத்தொன்பதும் அணைந்தன.

விரிசல் பெரிதாகிவிட்டதால் சாலையையே மூடுகிறார்கள். அந்தப் பக்க வாயைப் போன வாரமே அடைத்தாயிற்று. இந்தப் பக்கத்துக்கான கான்கிரீட், அவள் முதுகுக்குப் பின்னால் லாரி உருளையில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் கையெழுத்து போடலியா?" டீம் லீடர் குவாக் தாளை நீட்டினார். 'உள்ளே யாரும் இல்லை' என்று ஒரு வரி. கீழே அவள் பெயர். அவள் கையெழுத்து இல்லாமல் மூட முடியாது.

"மான்ஹோ அண்ணன் உள்ள இருக்காரு சார்."

"அவன் எவளையாச்சும் கூட்டிக்கிட்டு பூசான் நகரத்துக்குப் போயிருப்பான். இருபத்திரண்டு நாளாச்சு ஹேசுக். நாயெல்லாம் விட்டுத் தேடியாச்சு."

"நாய் இருபதாவது விளக்கத் தாண்டவே இல்ல. பாதிதான தேடுனீங்க? மீதிய யாரு தேடுவா?"

லாரி டிரைவர் சிரித்தான். "சுரங்கத்துல பொம்பள காலு வச்சா மலையம்மாவுக்கு ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னோமே அக்கா."

"உன் மலையம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ லாரியப் பின்னால எடு."

அவள் முதன்முதலில் உள்ளே நுழைந்த அன்றும் இதே பேச்சுதான். அன்று மான்ஹோ வாயிலில் ஒரு கோப்பை சோஜு சாராயத்தைத் தரையில் ஊற்றினார். "இவ என் தங்கச்சி. மலைக்கு ஏதாச்சும் வேணும்னா என்னையக் கேக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொந்த அண்ணன்கூட அவளுக்காக அப்படிப் பேசியதில்லை.

அவள் உள்ளே நான்கு அடி வைத்தாள். ஈரச் சுண்ணாம்பின் வாடை, எப்போதோ போன வண்டிகளின் புகை, அதற்கும் அடியில் வெகுநாள் மூடிக் கிடந்த அண்டாவைத் திறந்தால் வருகிற பழைய மூச்சு. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம், சொட்டுக்குச் சொட்டு தள்ளித் தள்ளி, காதுக்குள்ளேயே விழுவது போலக் கேட்டது.

நாற்பதாவது விளக்கு அணைந்தது.

முப்பத்தொன்பதாவது சிமிட்டியது. படபடவென்று.

போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அப்படித்தான் சிமிட்டும். டவர் கிடைக்காத போன் இன்னும் பலமாக அலை வீசித் தேடும், அந்த அலையைக் குடித்து விளக்கு துடிக்கும். யாரோ போனோடு நடந்து வருகிறார்கள்.

"அண்ணே!" அவள் கத்தினாள். "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?"

டிரைவர் மெதுவாகக் கேட்டான். "இருபத்திரண்டு நாள் எந்த போன்லக்கா சார்ஜ் நிக்கும்?"

முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. நிதானமான நடை. காலடிச் சத்தம் இல்லை.

இருபது. நிற்கவில்லை.

பதினைந்து.

"ஹேசுக், வெளிய வா! டேய், கான்கிரீட்ட ஊத்துடா!" குவாக் கத்தினார்.

"ஊத்துனா என் மேல ஊத்து!" அவள் தாளைக் கிழித்தெறிந்தாள். கைகளை விரித்து வாயை மறித்து நின்றாள். நகரவில்லை.

ஒன்பது. ஆறு.

மூன்று.

அதன் கீழே யாரும் இல்லை. ஈரத் தார்ச்சாலை மட்டும்.

விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. நின்று எரிந்தது. பச்சையாக. பிறகு நான்கும் எரிந்தது. ஐந்து. ஒன்பது. ஒரு போனால் ஒரு விளக்கைத்தான் எழுப்ப முடியும். இருபது. முப்பது. கடைசிச் சுவர்வரை. இரண்டாவதும், அவள் தோளருகே இருந்த முதலாவதும்.

பின்னால் ஓடுகிற பூட்ஸ் சத்தம். கதவு அடிக்கிற சத்தம். லாரி போய்விட்டது.

அவள் போகவில்லை.

ஒவ்வொரு விளக்கின் கீழும் தேங்கிய தண்ணீரில், யாரோ கால் மாற்றி நின்றது போல வட்டம் விரிந்தது.

"அண்ணே," என்றாள். "இத்தன பேர்ல நீங்க யாரு?"

நாற்பது விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டின.